மகாராணிக்கு ஒரு அறை

“சாத்து பாப்பா” என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. கேத்தரின் கதவைச் சாத்துகிறாள். ரப்பர் விளிம்பு ஒருமுறை மூச்சு விட்டு அழுந்துகிறது. இனிக் கோதண்டபாணி இருட்டில் தனியாள். முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, கண் பழகும்வரை காத்திருப்பார். பேசமாட்டார். வெளியே இருக்கும் நேரமெல்லாம் வாய் ஓயாத மனிதர், மூடிய அறைக்குள் மட்டும் ஊமை. “பேசிக்கினே இருந்தா கண்ணு வேலை செய்யாது” என்பது அவர் கட்சி.

கொஞ்ச நேரத்தில் உள்ளங்கையால் சுவரில் ஓர் அறை விழும். ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம். கேத்தரின் பெரிய விளக்கை எரியவிட்டு, பலகையும் பலகையும் சேரும் கோட்டை ஒட்டிப் பிடித்தபடி அறையைச் சுற்றி நடக்கிறாள். உள்ளே ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் விரல் முட்டியால் ஒரு தட்டு. அவள் அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடுவாள். ஒன்றும் தெரியாவிட்டால் இரண்டு தட்டு. அடுத்த இணைப்புக்குப் போகலாம். சுற்று முடிந்து கதவைத் திறந்தால், தூக்கத்தில் எழுப்பிவிட்ட மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கோபமாக வெளியே வருவார். அப்போது அவர் சொல்லும் முதல் வார்த்தை எப்போதும் “டீ.”

விளக்குப் பிடித்து வெளியே நடப்பது ஜெயசீலனின் வேலையாக இருந்தது. ஜெயசீலன் கேத்தரினின் அப்பா. நுரையீரல் நோய். சென்ற மழைக்காலத்தில் இறந்தார். அவரும் கோதண்டபாணியும் மீசை முளைத்த வயதில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரே டேனரியில் சேர்ந்தவர்கள். அதைவிட்டு ஒன்றாக வெளியே வந்து, தோல் உலர்த்தும் அறைகளைத் தாங்களே கட்டித்தரத் தொடங்கினார்கள். தோல் வேலை படுத்துக்கிடந்த வருடங்களில் பூ வியாபாரிக்குக் குளிர் அறை, காளான் வளர்ப்பவருக்கு ஈர அறை என்று கேட்டதையெல்லாம் செய்தார்கள். பேர்ணாம்பட்டு சாலையில் இருக்கும் தகரக் கொட்டகை இருவருக்கும் பொது.

இவர்கள் கட்டும் அறைக்குச் செங்கல் சிமெண்டு கிடையாது. இரண்டு தகட்டுக்கு நடுவே கெட்டி நுரை அடைத்த பஃப் பேனல்கள்தான் சுவர், கூரை எல்லாம். ஒவ்வொரு பேனலின் விளிம்பிலும் ஒரு பக்கம் நாக்கு, ஒரு பக்கம் பள்ளம். நாக்கைப் பள்ளத்தில் செருகி உள்ளிருக்கும் கொக்கியைச் சாவியால் திருகினால் இரண்டும் கவ்விக்கொள்ளும். இணைப்பின்மேல் பசை இழுக்க வேண்டும். முழு அறையையும் கொட்டகையில் நிறுத்திச் சோதித்த பிறகு கழற்றி, எண் எழுதி, லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். போன இடத்தில் அது அப்படியே மறுபடி எழுந்து நிற்கும்.

இப்போது கொட்டகையில் நிற்பது கஞ்சாச் செடி வளர்ப்பதற்கான அறை. வடக்கே மலைப்பக்கத்தில், அரசாங்க உரிமம் வாங்கி, மருந்துக்காக அதைப் பயிரிடும் ஒரு நிறுவனம் கேட்டிருக்கிறது. நடுவே ஒரு தடுப்பு. ஒரு பாதியில் செடி இலை விட்டு வளரும். மறு பாதியில் பூக்கும். பூக்கிற செடிக்கு நாளில் பாதி நேரம் முழு இருட்டு வேண்டும். அந்த இருட்டில் ஒரு பொட்டு வெளிச்சம் கசிந்தாலும் அது குழம்பிப்போய்விடும். அதற்காகத்தான் இந்த முக்காலியும் தட்டலும்.

கோதண்டபாணி அந்தச் செடியின் பெயரை வாயால் சொல்வதில்லை. நெற்றியில் நாமம் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பாதவர், பீடியைக்கூடத் தொட்டதில்லை. அவர் வைத்திருக்கும் பெயர் மகாராணி. “மகாராணிக்குப் பாதி நாள் தூக்கமாம். சூடு ஜாஸ்தியானாலும் ஆவாது, கம்மியானாலும் ஆவாது. காத்து வேணும், ஆனா மூஞ்சியில அடிக்கக்கூடாது. எங்க வூட்டுக்கு மருமவ வந்தப்போகூட இவ்ளோ பந்தா இல்ல.”

பக்கத்து டேனரியின் மேலாளர் ரஃபி அகமது தினமும் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். “இன்னா தோஸ்த், மகாராணி எப்போ வர்றாங்க?”

“அவங்க இங்க வரமாட்டாங்க பாய். பல்லக்கு மட்டும் இங்கேர்ந்து போவுது.”

“பல்லக்குக்குள்ள நீ இருட்டுல உக்காந்துக்கினு இன்னாதான் பண்றே? வெளிய வர்றப்போ கண்ணு செவந்திருக்கே.”

“செவந்திருக்கா? நாளைக்கு நீயும் வா. ரெண்டு பேரையும் சேத்து போலீசு புடிச்சிக்கினு போவட்டும்.”

ஆனால் வீட்டில் இந்த விளையாட்டு எடுபடவில்லை. நாட்றம்பள்ளியில் அவர் மனைவி கோவிந்தம்மாளுக்கு விஷயம் பஸ்ஸில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. சோறு போட்டாள், பேசவில்லை. பிறகு ஒரு காலையில், “இந்த வயசுல ஜெயிலுக்குப் போவப் போறியா?” என்று மட்டும் கேட்டாள். அவர் அன்றே கேத்தரினிடம் நிறுவனத்தின் உரிம நகலைக் கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் உறை போட்டு, கொண்டுபோய்க் காட்டினார். கோவிந்தம்மாள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். “இதுல ஃபோட்டோ எங்க? ஃபோட்டோ இல்லாத லைசென்சு இன்னா லைசென்சு?” அந்த நகல் இன்றைக்கும் அவர் தோள்பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுவார். யாரும் கேட்காவிட்டாலும் காட்டுவார்.

தெலுங்கு பேசும் எல்லைப்பக்கத்துக்காரர் என்பதால் இயந்திரங்களைத் திட்டுவது மட்டும் தெலுங்கில். மனிதர்களைத் தமிழில்தான் திட்டுவார். துளைபோடும் கருவி மக்கர் செய்தால் அதைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு தெலுங்கில் நியாயம் கேட்பார். சில நேரம் அது ஓடவும் செய்யும்.

அவர் சட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழுக்கை. மணிக்கட்டில் பொத்தான். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கூலியாட்கள் பனியனோடு நிற்பார்கள். இவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கும், பொத்தான் மட்டும் அவிழாது. டேனரியில் முதல் சில வருடங்கள் அவருக்குச் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. இடுப்பில் ஒரு துணி, உடம்பெல்லாம் தொட்டித் தண்ணீர். முழங்கைவரை அவர் தோல் வெந்து வெளிறித் திட்டுத் திட்டாகப் போனதாக ஜெயசீலன் ஒருமுறை சொல்லியிருக்கிறார். கேத்தரின் பார்த்ததில்லை. “சட்டை போட்டுக்கினு செய்யற வேலை வேணும்னுதான் வெளிய வந்தேன்” என்பதைக் கோதண்டபாணி புதிதாகச் சேரும் ஒவ்வொரு கூலியாளிடமும் சொல்வார். போன மாதம் பற்றவைக்கும்போது பொறி தெறித்துக் கைத்துணி கருகியது. குழாய்க்கு ஓடிச் சட்டையோடு தண்ணீரில் நனைத்துக்கொண்டார். கழற்றவில்லை.

ஜெயசீலன் நல்ல உயரம். கோதண்டபாணி அவர் தோள்வரைதான் வருவார். அதனாலேயே வேலை தானாகப் பிரிந்திருந்தது. கூரையும் சுவரும் சேருகிற மேல்விளிம்பில் பசை இழுப்பது ஜெயசீலன். அதற்குக் கீழே எல்லாம் கோதண்டபாணி. “மாடியில அவன், கீழ் வூட்ல நான். இத்தினி வருஷம் வாடகைத் தகராறே கெடயாது” என்பார். இப்போது மாடியையும் அவரே பார்க்கிறார். முக்காலிமேல் ஏறி, குதிகாலைத் தூக்கி, கையை முழுக்க நீட்டி இழுக்கிறார். கேத்தரினுக்கு அப்பாவின் உயரம். கையை நீட்டினால் கூரை எட்டும். “நான் போடறேன் மாமா” என்று ஆரம்பத்தில் கேட்டாள். “மேடம் கம்ப்யூட்டர்ல பாக்கட்டும்” என்றார். வெளியாட்கள் முன்னால் அவள் மேடம். இல்லாதபோது பாப்பா. அவர் பிடிவாதம் பிடிக்கும் நேரங்களில் யாரும் இல்லாவிட்டாலும் மேடம்தான்.

கேத்தரின் இயந்திரவியல் படித்தவள். புனேயில் குளிர்சாதனக் கம்பெனி ஒன்றில் வடிவமைப்பில் இருந்தாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள விடுப்பில் வந்தவள், அவர் தொடங்கிவைத்த இந்த அறைக்காகத் தங்கிவிட்டாள். கம்பெனி இந்த மாதக் கடைசிவரை அவள் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறது. கொட்டகையின் குத்தகையும் அதோடு முடிகிறது. இந்த அறை சரியாகப் போய்ச் சேர்ந்தால் நிறுவனம் அடுத்தடுத்து அறைகள் கேட்கும், குத்தகையைப் புதுப்பிக்கலாம். குறையோடு திரும்பி வந்தால் கொட்டகையை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. கோதண்டபாணிக்கு இது தெரியும். இதைப்பற்றி மட்டும் பேசியதில்லை. சாயங்காலம் கொட்டகையைப் பூட்டிச் சாவியை அவள் கையில் வைக்கும்போது, “காலையில வர்ற இல்ல?” என்று கேட்பார். முன்பெல்லாம் அப்படிக் கேட்டதில்லை.

ஒருநாள் இருவரும் வேலூருக்குப் போய்க் கதவுக்கு ரப்பர் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினார்கள். முன் இருக்கையில் சளி பிடித்த ஓர் அம்மா கைக்குட்டையில் நீலகிரித் தைலம் விட்டு முகர்ந்தாள். கேத்தரின் எழுந்து, மணி அடித்து, பள்ளிகொண்டாவில் இறங்கிவிட்டாள். கோதண்டபாணியும் ரப்பர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கினார். ஏன் என்று கேட்கவில்லை. “எனக்கும் ஒரு டீ அடிச்சா தேவலாம்னு இருந்துச்சி” என்றார். கடைசி மாதங்களில் அப்பாவுக்குக் காலையும் மாலையும் அந்தத் தைலத்தில்தான் ஆவி பிடித்தார்கள். போர்வை, தலையணை, திரைச்சீலை, அவர் தலைமுடி, எல்லாவற்றிலும் அதுதான். அடக்கம் முடிந்த மறுநாள் அவள் வீட்டிலிருந்த துணி அத்தனையையும் துவைத்துப் போட்டாள். புட்டியைக் குப்பையில் வீசினாள். அன்று துணி பிழிய மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கோதண்டபாணி.

மகாராணி பூத்தால் வாசம் அடிக்கும். சாதாரண வாசம் அல்ல, தெருக்கோடிக்குத் தெரியும். அது அறையைவிட்டு வெளியே வரக்கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனை. அதற்குக் கரி நிரப்பிய உருளை ஒன்று இருக்கிறது. உள்காற்றை அதன் வழியாகத்தான் விசிறி வெளியே தள்ளும். ஆனால் மின்சாரம் நின்றால் விசிறி நிற்கும். அப்போது அறை தானே வாசத்தை அடக்கி வைத்திருக்க வேண்டும். கேத்தரின் காற்றழுத்தம் ஏற்றி அளந்தாள். முள் மெதுவாகத்தான் இறங்கியது. அனுமதித்த எல்லைக்குள் இருந்தது. புகை விட்டாள். கண்ணுக்குத் தெரியும்படி எங்கும் கசியவில்லை. நிறுவனம் அளவுகளைப் பெற்றுக்கொண்டு, மூக்கால் பார்த்தீர்களா என்று கேட்டது.

உள்ளே எதை வைத்து மூக்கால் பார்ப்பது? அந்தச் செடியைக் கொண்டுவர முடியாது. கோதண்டபாணி சிரித்தார். “நாத்தத்துக்கா நம்மூர்ல பஞ்சம்?” ரஃபி அகமதுவின் டேனரிக்குப் போய், தோலிலிருந்து வழித்தெடுத்த ஜவ்வு ஒரு வாளி கொண்டுவந்தார். ஒருநாள் பழையது. அறைக்குள் வைத்து, விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தினார்கள். மறுநாள் காலையில் கோதண்டபாணி, கேத்தரின், ரஃபி அகமது மூவரும் ஒவ்வொரு இணைப்பிலும் மூக்கை வைத்துச் சுற்றிவந்தார்கள். ஒன்றும் இல்லை.

“சுத்தம்” என்றார் ரஃபி அகமது. “ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு.”

சனிக்கிழமை நிறுவனத்தின் ஆள் வந்தார். செந்தில்குமார், கோயம்புத்தூர்க்காரர். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே கைக்குட்டை மூக்கில் இருந்தது.

“உள்ள ஜவ்வு வெச்சிருக்கோம் சார்” என்றார் கோதண்டபாணி பெருமையாக. “பச்சை ஜவ்வு. வெளிய நாறுதா, நீங்களே சொல்லுங்க.”

செந்தில்குமார் அவரைப் பார்த்தார். “நானு ரயில்ல இருந்து எறங்குனதுல இருந்தே நாறுதுங்களே.”

கோதண்டபாணி தலையைத் தூக்கி, காற்றை நன்றாக இழுத்தார். ரஃபி அகமதுவும் இழுத்தார். கேத்தரினும்.

“எங்க சார்?” என்றார் ரஃபி அகமது. அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

“எங்கன்னு சொல்றதுங்க. ஊரே…” செந்தில்குமார் மரியாதைக்காக நிறுத்திக்கொண்டார். பிறகு கைக்குட்டையை எடுத்துவிட்டு, தைரியமாக அறையை ஒருமுறை சுற்றிவந்தார். வடக்கு மூலையில் நின்றார். நகர்ந்தார். திரும்ப வந்தார். “இங்க கொஞ்சம் சேத்தி அடிக்குதோ என்னமோ. இல்லீங்களா? எனக்கு ஒண்ணும் பிடிபடலீங்க. தலை வலிக்குதுங்க.”

நல்ல மனிதர். கோபப்படவில்லை. போகும்போது கேத்தரினிடம் சொன்னார். “திங்கக்கிழமை காலைல லாரி வருங்க மேடம். மூக்குக்கு எதும் தெரியலைன்னு நீங்களே பாத்து, கையெழுத்துப் போட்டு வெச்சிருங்க. ஏத்திக்கறோம். ஆனா அங்க போயி வாசம் வந்துச்சுன்னா, ரூம்பு அப்படியே திரும்பி வந்துருமுங்க.”

ஆட்டோ போன பிறகு ரஃபி அகமது தன் சட்டைத் தோளை முகர்ந்து பார்த்தபடி டேனரிக்குப் போனார். புனேயிலிருந்து வந்த முதல் வாரம் பஸ் நிலையத்தில் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது கேத்தரினுக்கு ஞாபகம் வந்தது. அந்த நாற்றம் எந்த நாளில் நின்றது என்று யோசித்தாள். தெரியவில்லை. நாற்றம் நிற்கவில்லை, அவள் மூக்கு நின்றுவிட்டது. அவர்கள் மூவரும் சேர்ந்து, தங்களுக்குத் தெரியவே தெரியாத ஒரு வாசத்தை உள்ளே வைத்து, தெரியவில்லை என்று சான்று கொடுத்திருந்தார்கள்.

“நான் கையெழுத்துப் போட முடியாது மாமா” என்றாள்.

“யாரு போடச் சொன்னா? வெளியூர் மூக்கு ஒண்ணு புடிப்போம்.”

“உங்க வீட்ல இருந்து அத்தைய கூட்டினு வாங்களேன்.”

“அவளுக்கா? மாட்டுக் கொட்டாயிலயே மூக்கு அடைச்சிக்கினு நிப்பா. வருஷம் பூரா சளி.”

“உள்ள ஊதுவத்தி வெச்சா? பிரியாணி?”

“ரெண்டும் இந்த ரோட்டுல எந்நேரமும் அடிக்குது. எது உள்ளேர்ந்து வருது, எது கடையிலேர்ந்து வருதுன்னு யாரு பாக்கறது? பேஜாரு.”

அன்று மாலை பூட்டும்போது அவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்து, பஸ் வந்துவிட்டது என்று ஓடினார். பஸ் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கேத்தரின் மாதா கோயிலுக்குப் போகவில்லை. வாளியைத் திருப்பிக் கொடுத்து, அறையின் உள்ளே மூன்று தடவை கழுவிவிட்டாள். கதவைத் திறந்துபோட்டு விசிறியை ஓடவிட்டாள். வெயில் உச்சிக்கு வந்தபோது கோதண்டபாணி வந்தார். வழக்கமாக வாசலிலேயே பேச்சு தொடங்கிவிடும். அன்று நேராக வந்து, அவளுக்கு எட்டாத தூரத்தில் நின்றார். வலது கை சட்டைப்பைக்குள் எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. மருந்துக்கடைக் காகிதத்தின் முனை வெளியே தெரிந்தது.

“வேணாம்னா சொல்லிடு பாப்பா. இப்பவே கடாசிடறேன்.”

அது என்ன என்று அவள் கேட்கவில்லை. அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊர்க் காற்றில் எல்லா வாசத்துக்கும் மரத்துப்போன மூக்குக்கு, மரத்துப்போகாத ஒன்று எது என்று உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும்.

“கெட்டில் அலமாரியில இருக்கு” என்றாள். “உள்ள போய்ப் புட்டியத் திறங்க.”

அவர் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, முக்காலியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். “சாத்து பாப்பா.” அவள் சாத்தினாள். ரப்பர் அழுந்தியது. விசிறியை நிறுத்தினாள். கொட்டகையில் சத்தமே இல்லாமல் போனது. உள்ளே தண்ணீர் கொதிப்பது மட்டும் லேசாகக் கேட்டது. அதுவும் அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளங்கை அறை விழுந்தது.

இந்தமுறை கையில் விளக்கு இல்லை. கேத்தரின் வாசலில் தொடங்கினாள். கதவு விளிம்பில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள். ரப்பர். அடுத்த இணைப்பு. பசை, தகரம். இரண்டு தட்டு தட்டினாள். உள்ளிருந்து இரண்டு தட்டு பதில் வந்தது. கிழக்குப் பக்கம் முழுக்க ஒன்றும் இல்லை. பின்பக்கம் ஒன்றும் இல்லை. வடக்கு மூலைக்கு வந்தாள். கீழே இல்லை. நடுவில் இல்லை. நிமிர்ந்தாள்.

இருந்தது.

நூல் அளவுதான். அது போதும். அகலப் பாத்திரம், அதன்மேல் குனிந்த முதுகு, தலையைப் போர்த்திய மஞ்சள் துண்டு. துண்டுக்குள்ளிருந்து இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்கும் குரல். அவள் உள்ளங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு தட்டு தட்டினாள்.

“எங்க பாப்பா?” பேனலுக்கு அந்தப்பக்கமிருந்து வந்த குரல் பொந்துக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. மூடிய அறைக்குள் அவர் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

“வடக்கு மூலை. மேல.”

“மாடியா?”

“ஆமா மாமா.”

அவள் கையை உயர்த்தி மேல்விளிம்பைத் தடவினாள். நேராக வந்த பசைக்கோடு மூலைக்கு இரண்டு விரற்கடை முன்னால் நின்றுபோயிருந்தது. கூரை நாக்கு சுவர்ப் பள்ளத்தில் மடிந்து இறங்கும் இடம். வெளிச்சத்துக்கு வளையத் தெரியாது; அதனால் எத்தனை முறை விளக்குப் பிடித்தும் அது அகப்படவில்லை. முக்காலிமேல் குதிகாலைத் தூக்கி நிற்கும் ஒருவரின் கை அதுவரைதான் எட்டியிருக்கும். மிச்ச இடம் இன்னொருவருடைய கைக்கு உரியது.

“வெளிய வரட்டா?” என்று உள்ளிருந்து கேட்டார்.

“வேணாம். அங்கயே இருங்க.”

கதவு திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும். அவள் பசைத் துப்பாக்கியை எடுத்துவந்தாள். முக்காலி தேவைப்படவில்லை. கையை நீட்டி, விட்ட இடத்திலிருந்து தொடங்கி, மூலையைத் திருப்பி, மறுபக்கக் கோட்டோடு கொண்டுபோய்ச் சேர்த்தாள். கட்டைவிரலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து அழுத்தி வழித்தாள். அப்பா அப்படித்தான் வழிப்பார். அது இறுகும்வரை தரையில், பேனலில் சாய்ந்து உட்கார்ந்தாள். உள்ளே முக்காலி நகரும் சத்தம் கேட்டது. அவரும் அதே மூலைக்கு வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

“பாப்பா.”

“ம்.”

“இன்னொரு மூடி ஊத்தறேன். அப்போதான் கரெக்டா தெரியும்.”

“ஊத்துங்க.”

கெட்டில் மறுபடி கொதித்தது. அவர் இருமினார். நிறுத்தினார். உள்ளங்கை அறை விழுந்தது. கேத்தரின் எழுந்து இரண்டாவது சுற்று தொடங்கினாள். வாசல், கிழக்கு, பின்பக்கம். வடக்கு மூலையில் நின்று, எம்பி, புதுப் பசைக்கு அருகே மூக்கைக் கொண்டுபோனாள். பசையின் புளித்த நெடி மட்டும். கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை இழுத்தாள். இல்லை. தேவையில்லாமல் மூன்றாவது தடவையும் இழுத்துப் பார்த்தாள். இல்லை.

செந்தில்குமார் விட்டுப்போன தாளைக் கருவிப்பெட்டியிலிருந்து எடுத்தாள். அந்த மூலையிலேயே, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு தட்டு தட்டினாள்.

உள்ளிருந்து பதில் தட்டு வரவில்லை. ஏதோ துணி உரசும் சத்தம். கதவு திறந்தது, ஓர் ஆள் ஒருக்களித்து வெளியேறும் அளவுக்கு மட்டும். கோதண்டபாணி பக்கவாட்டில் நழுவி வந்து, முதுகாலேயே கதவைத் தள்ளி இறுக்கிச் சாத்தினார். பனியனோடு இருந்தார். சட்டை உள்ளே இருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை அவர் கைகள் வெளிறி, வரைபடம் போலத் திட்டுத் திட்டாகப் பகல் வெளிச்சத்தில் தெரிந்தன. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. “டீ” என்று கேட்கவில்லை. அவள் நின்ற பக்கம் வராமல், கொட்டகையின் எதிர்ச்சுவரை ஒட்டி, காற்று போகிற பக்கமாகவே பெரிய வட்டம் சுற்றிக்கொண்டு பின்பக்கக் குழாய்க்குப் போனார். துணி சோப்பை எடுத்தார். அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முதலில் கைகளையும், பிறகு கழுத்தையும், பிறகு தலைமுடியையும், மறுபடி கைகளையும் தேய்த்துக் கழுவத் தொடங்கினார்.